முதல் கத்தி யாருடையது?

ஸ்கேன் அறிக்கையின் கடைசிப் பத்தியில் அந்த வரி இருக்கும்: வலப்பக்க அட்ரினல் சுரப்பியில் கட்டி, கீழ்ப்பெருஞ்சிரைக்குள் நீண்டிருக்கிறது. அதைப் படித்ததும் மருத்துவர் நோயாளியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கணவரை மட்டும் உள்ளே கூப்பிடுவார். கட்டி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டது, கத்தி வைத்துப் பயனில்லை, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வராந்தாவுக்கு வருகிற கணவர் அங்கே காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் அதை இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்: "ரத்தத்துல கலந்துருச்சாம்." அன்று சாயங்காலமே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள்.

அவர்களில் சிலராவது அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டியதில்லை என்பது என் வாதம். சிரைக்குள் போன அட்ரினல் புற்றை எடுக்க முடியும். எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் இந்த வாதத்துக்கு மறுபாதி ஒன்று உண்டு: கத்தி பிடிக்கத் தெரிந்த எல்லாரும் அதை எடுக்கப் போகக் கூடாது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்து ஊர் நர்சிங் ஹோமுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

நான் சர்ஜன் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மயக்க மருந்து கொடுத்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவள். பெரிய ஆபரேஷன் நடந்தால் பத்திரிகைக்காரர்கள் வந்து சர்ஜனையும் தட்டில் கிடக்கும் கட்டியையும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அனஸ்தீசியாக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டதாக நினைவில்லை. சிரைக்குள் நீண்ட கட்டியின் வால் இதயத்துக்கு எவ்வளவு பக்கத்தில் ஆடுகிறது என்று திரையில் பார்த்தபடி நோயாளியின் தலைமாட்டில் நிற்பது நாங்கள்தான். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அட்ரினல் சுரப்பிகள் இரண்டு. சிறுநீரகத்துக்கு ஒன்றாக அதன் மேல்முனையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் இருக்கும், அவ்வளவுதான். அதன் வெளிப்பகுதி கார்டிசாலையும், உடம்பின் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொள்ளும் ஆல்டோஸ்டீரோனையும், கொஞ்சம் ஆண்தன்மை ஹார்மோனையும் சுரக்கிறது. நான் பேசுகிற புற்று இந்த வெளிப்பகுதியில் வருவது. ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடமும், பிறகு நாற்பது ஐம்பது வயதுக்காரர்களிடமும் கூடுதலாகத் தென்படும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பிரேசிலின் தென்பகுதியில் மட்டும் குழந்தைகளுக்கு இது உலகின் மற்ற இடங்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் வருகிறது. டிபி53 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் அங்கே பரம்பரையாக இறங்கிவருவதுதான் காரணம்.

இந்தப் புற்றுகளில் பாதிக்கு மேல் தாங்களும் ஹார்மோனைச் சுரந்து கொட்டும். முகம் உப்பி வட்டமாகும், பிடரியில் சதை திரளும், வயிறு பெருத்துக் கையும் காலும் குச்சியாகும், வயிற்றில் செந்நீலக் கோடுகள் விழும். பெண்களுக்கு மீசை அரும்பும், குரல் தடிக்கும், தீட்டு நின்றுபோகும். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தே வரும், பொட்டாசியம் இறங்கும். வருஷக்கணக்கில் மெல்ல வருவதில்லை, சில மாதங்களுக்குள் ஆளே மாறிவிடுவார். இந்த வேகம்தான் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டிய விஷயம்.

நம் ஊரில் அது ஏனோ கிளம்புவதில்லை. காரணம் எனக்குத் தெரியும். மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கிற பெயர் தெரியாத மாத்திரையைத் தின்று ஸ்டீராய்டால் முகம் வீங்கியவர்களை ஓ.பி.யில் அன்றாடம் பார்க்கிறோம். அந்தப் பழக்கத்தில், உப்பிய முகம் வாசலில் தெரிந்ததுமே கேள்வியும் தயாராகிவிடுகிறது: "எந்தக் கடையில மாத்திரை வாங்கித் தின்ன?" தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், போன இடமெல்லாம் இந்தத் திட்டை வாங்கியிருக்கிறார். எதையும் சாப்பிடவில்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மீசைக்குப் பியூட்டி பார்லரில் நூல் போட்டுக்கொண்டு, குரல் மாறியதற்குச் சளி மருந்து குடித்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறார். கால் வீங்கிய பிறகுதான் வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையைக் கொடுத்து, மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் அளவைப் பார்த்தால் விஷயம் பிடிபடத் தொடங்கியிருக்கும். மாத்திரை வெகு மலிவானது. கேட்கத் தோன்ற வேண்டும், அவ்வளவே.

கால் ஏன் வீங்கியது என்பதிலிருந்து சிரைக்கு வரலாம். வலது அட்ரினலின் சிரை மிகக் குட்டையானது. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் கூடத் தேறாது. அது நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையில் போய்த் திறக்கிறது. கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வருகிற ரத்தத்தை எல்லாம் வாங்கி இதயத்தில் சேர்க்கிற பெரிய குழாய் அது; அதை அடைத்தால் கால் வீங்கும். இடது அட்ரினலின் சிரை கொஞ்சம் நீளம். அது இடது சிறுநீரகச் சிரையில் சேர்ந்து, அதன் வழியாகப் பெருஞ்சிரையை அடைகிறது. ஆகவே வலப்பக்கக் கட்டிக்குப் பெருஞ்சிரையின் வாசல் வீட்டோடு சேர்ந்தே இருக்கிறது. இடப்பக்கக் கட்டி சுற்றிக்கொண்டு போக வேண்டும், ஆனாலும் போகும்.

கிணற்றடியில் ஆலமரம் நின்றால் என்ன ஆகும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சுவரில் ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து வேர் உள்ளே நுழையும், பிறகு தண்ணீரில் தொங்கிக்கொண்டே நீளும். நுழைந்த இடத்தில் கல்லைக் கவ்வியிருக்கும், மற்றபடி எதையும் பிடித்துக்கொள்ளாது. சிரைக்குள் வளர்கிற கட்டியும் பெரும்பாலும் இப்படித்தான். ரத்தம் போகிற திசையிலேயே, குழாயின் சுவரில் ஒட்டாமல், வழவழப்பாக இதயத்தை நோக்கி வளர்கிறது. சிலருக்கு ஈரலுக்குக் கீழேயே நின்றுவிடும், சிலருக்கு ஈரலின் முதுகுப்புறம் வரை போகும், சிலருக்கு இதயத்தின் வலது மேலறைக்குள்ளேயே எட்டிப்பார்க்கும். ஒட்டாமல் தொங்குவதால்தான் சிரையைத் திறந்து அதை முழுசாக உருவி எடுக்க முடிகிறது. சுவரைக் கவ்வியிருந்தால் அந்தப் பகுதியையும் வெட்டிவிட்டு ஒட்டுப் போட வேண்டும், அல்லது செயற்கைக் குழாய் வைக்க வேண்டும்.

"ரத்தத்துல கலந்துருச்சு" என்பதற்கு வருகிறேன். சிரைக்குள் வால் நீண்டிருப்பது ஒன்று. நுரையீரலிலும் ஈரலிலும் எலும்பிலும் புற்று போய்க் குடியேறியிருப்பது வேறொன்று. முதலாவது இருந்தால் இரண்டாவது வருகிற வாய்ப்பு அதிகம்தான், ஆனால் வந்தே தீர்ந்திருக்கும் என்றில்லை. ஐரோப்பிய அட்ரினல் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட நிலைப் பகுப்பை இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதில் பெருஞ்சிரையிலோ சிறுநீரகச் சிரையிலோ கட்டி நீண்டிருந்தால் மூன்றாம் நிலை. வேறு உறுப்புக்குப் பரவியிருந்தால்தான் நான்காம் நிலை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு மனுஷியின் பல வருஷங்கள் இருக்கக்கூடும். அறிக்கையில் 'சிரை' என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் மூன்றை நான்காகப் படித்துவிடுகிறோம்.

சிறுநீரகப் புற்றைப் பார்க்கிற மருத்துவர்கள் இதற்கு இவ்வளவு அஞ்சுவதில்லை. அந்தப் புற்று நூற்றில் 4 முதல் 10 பேருக்குச் சிரைக்குள் நீள்கிறது. அதைத் திறந்து எடுக்கிற முறைகளை அவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்து செய்து தேர்ந்திருக்கிறார்கள். அந்தக் கைப்பழக்கத்தைத்தான் அட்ரினலுக்கும் கடன் வாங்குகிறோம். ஈரல் மாற்று அறுவை செய்கிறவர்களிடமும் கடன் உண்டு. ஈரலை அதன் கட்டுகளிலிருந்து விடுவித்து இடப்பக்கம் புரட்டிப்போட்டு, பின்னாலிருக்கும் பெருஞ்சிரையை முழுநீளத்துக்கும் கண்ணால் பார்க்கிற வித்தை அவர்களுடையது.

இனி தியேட்டருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யார் செய்யலாம், யார் செய்யக் கூடாது என்பதற்கான விடை அதில்தான் இருக்கிறது.

எங்கள் வேலை முந்தின வாரங்களிலேயே தொடங்கிவிடும். கார்டிசால் மிகுந்த உடம்பு உள்ளுக்குள் நைந்துபோன உடம்பு. கையில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிரித்தால் தோலும் சேர்ந்து வரும். ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போகும். புண் ஆறாது, கிருமி சுலபமாகத் தொற்றும். சர்க்கரையையும் பிரஷரையும் பொட்டாசியத்தையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்த பிறகே மேசைக்கு ஏற்ற வேண்டும். இன்னொரு சோதனையையும் தவறவிடக் கூடாது. அட்ரினலின் உட்பகுதியில் வருகிற ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியாக இது இருந்துவிட்டால், தொட்ட நொடியில் பிரஷர் எகிறி ஆளையே கொண்டுபோய்விடும். மெட்டாநெஃப்ரின் சோதனையில் அது இல்லை என்று தெரிந்த பிறகுதான் நான் மயக்க மருந்தை எடுப்பேன். சில சர்ஜன்களுக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

அன்றைக்கு ரத்தமும் திரவமும் ஏற்றுகிற பெரிய ஊசிக்குழாய்களை எல்லாம் கையிலும் கழுத்திலும்தான் போடுவோம். காலில் போட்டால் வீண். பெருஞ்சிரையை நடுவில் கிளாம்ப் போட்டு அடைக்கப் போகிறார்கள், காலில் ஏற்றியது இதயத்துக்குப் போய்ச் சேராது. கழுத்துச் சிரைக்குள் கம்பியை விடும்போதும் அது எவ்வளவு ஆழம் போகிறது என்று கவனம் வேண்டும். வால் இதய அறை வரை வந்திருந்தால் கம்பி அதைத் தொட்டே உடைத்துவிடலாம். பிறகு உணவுக்குழாய் வழியாக எக்கோ கருவியை இறக்கி வைப்போம். திரையில் வால் தெரியும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒருமுறை அசையும்.

சர்ஜன்கள் சிரையை மேலும் கீழும் விடுவித்து, சிறுநீரகச் சிரைகளுக்கும் நாடா சுற்றிக் காத்திருப்பார்கள். "கிளாம்ப் போடலாமா மேடம்?" என்று கேட்பார் சர்ஜன். "ரெண்டு நிமிஷம் குடுங்க சார்" என்பேன். இதயத்துக்குத் திரும்புகிற ரத்தத்தில் பெரும்பங்கு ஒரே நொடியில் நிற்கப் போகிறது, அதற்குமுன் உடம்பை நிரப்பிக்கொள்ள வேண்டும். முதலில் சோதனைக்காக ஒருமுறை போட்டுப் பார்ப்போம். பிரஷர் தாங்கினால் மேற்கொண்டு போகலாம். தாங்காவிட்டால் எடுத்துவிட்டு, இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்ல வேண்டியதுதான். பல மாதங்களாக மெல்ல மெல்ல அடைபட்ட சிரை என்றால் உடம்பு தானே பக்கவழிகளைத் திறந்துவைத்திருக்கும், பிரஷர் அதிகம் விழாது. பாதி அடைப்பு உள்ளவர்கள்தான் அதிகம் பயமுறுத்துவார்கள். வால் இதயத்துக்குள்ளேயே போயிருந்தால் சோதனைக்கே இடமில்லை. நெஞ்சைத் திறந்து இயந்திரத்தில் போட வேண்டும். சில வேளை உடம்பை 18, 20 டிகிரி வரை குளிர்வித்து ரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்தியும் செய்வார்கள். 1953இல் அமெரிக்காவில் ஜான் கிப்பன் இதயத்தில் ஓட்டையை அடைக்க முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்திய இயந்திரத்தின் வம்சம்தான் இது. இதயத்துக்காகச் செய்தது, இப்படிப் பக்கத்து வீட்டுக்கும் உதவுகிறது.

எல்லாவற்றிலும் மோசமான நிமிஷம் ஒன்று உண்டு. வால் உடைந்து ஒரு துண்டு மேலே போய் நுரையீரல் தமனியை அடைத்துவிட்டால், முதலில் எங்கள் திரையில்தான் தெரியும். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடின் கோடு சட்டென்று சரியும். அடுத்து பிரஷர். அந்தக் கட்டடத்தில் இதய அறுவைக் குழு இருந்தால் நோயாளிக்கு ஒரு வாய்ப்பு. ஆம்புலன்ஸில் கொண்டுபோகிற தூரத்தில் இருந்தால் இல்லை.

எனவே கேள்வி சர்ஜனின் திறமை பற்றியது மட்டும் கிடையாது. கெட்டிக்காரரான பொது அறுவை மருத்துவர்கள் மாவட்டம்தோறும் இருக்கிறார்கள். அவர்களோடு பல வருஷம் நின்றிருக்கிறேன், மரியாதை உண்டு. ஆனால் அட்ரினல் அறுவை தெரிந்தவர், ஈரலைப் புரட்டத் தெரிந்தவர், ரத்தநாளம் தைப்பவர், பம்ப் எனப்படும் அந்த இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுகிற குழு, ஹார்மோன் மருத்துவர், இரவு பகலாகக் கார்டிசால் பார்க்கிற பரிசோதனைக் கூடம், கேட்ட நேரத்தில் கேட்ட அளவு ரத்தம் தருகிற ரத்த வங்கி, இவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் நோயாளி மேசையிலேயே அதற்கு விலை கொடுப்பார்.

அட்ரினல் புற்றில் முதல் அறுவைதான் பெரும்பாலும் ஒரே வாய்ப்பு. கட்டியின் உறை கிழியாமல், அதைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து, வாலையும் துண்டாக்காமல் ஒரே உருப்படியாக எடுத்துவிட்டால் நோயாளிக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது என்று அர்த்தம். உறை கிழிந்து செல்கள் வயிற்றுக்குள் சிந்திவிட்டால், பிறகு உலகத்தில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அவற்றைப் பொறுக்கி எடுக்க முடியாது. அதனால்தான் இந்தக் கட்டி என்று சந்தேகம் வந்துவிட்டால் ஊசி குத்திப் பயாப்சி எடுக்க வேண்டாம் என்கிறார்கள். அந்தச் சிறு துண்டை வைத்துப் புற்றா, சாதாரணக் கட்டியா என்று நம்பிச் சொல்லவும் முடியாது. பெரிய கட்டிக்கும், சிரைக்குள் போன கட்டிக்கும் லேப்ராஸ்கோப்பி வேண்டாம், திறந்தே செய்யுங்கள் என்பதும் அதே காரணத்தால்தான். சின்னத் துளை, மூன்றாம் நாள் வீடு என்ற விளம்பரம் மக்களுக்குப் பிடித்திருக்கிறது. பித்தப்பைக்கு அது சரி.

ஓர் ஊர், பெயர் வேண்டாம். ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு வயிற்றைத் திறந்திருக்கிறார்கள். பெருஞ்சிரை புடைத்திருப்பதைக் கண்டதும் பயந்து, வந்ததற்கு அடையாளமாகக் கட்டியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு மூடித் தைத்துவிட்டார்கள். எங்களிடம் அவர் வந்து சேர்ந்தபோது சில மாதம் ஓடியிருந்தது. நாங்கள் திறந்தபோது சிரைக்குள் இருந்த வால் சமாளிக்கக்கூடியதாகத்தான் இருந்தது. குடலின் மேலும் வயிற்றுச் சவ்வின் மேலும் மணி மணியாகப் புற்று விதைத்திருந்தது. சர்ஜன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மயக்கத்தைக் குறைக்கத் தொடங்கினேன். முதலில் திறந்தவர் ஸ்கேனை மட்டும் உரிய இடத்துக்கு அனுப்பிவைத்திருந்தால் என்று இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அவர் கெட்டவர் இல்லை. முடியும் என்று நினைத்தார்.

இதெல்லாம் சொல்லிவிட்டு, எடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது என்று நம்பவைத்தால் அது மோசடி. பாரிசிலிருந்து 2006இல் வெளியான ஓர் அறிக்கையில், கட்டி பெருஞ்சிரைக்குள் நீண்ட 15 பேரைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்த 15 பேரைச் சேர்க்க அவர்களுக்கு 25 ஆண்டுகள் ஆயிற்று. அறுவையை ஒட்டியே இறந்தவர்கள் அதில் உண்டு, பிறகு நுரையீரலிலோ ஈரலிலோ புற்று திரும்பி இறந்தவர்கள் அதிகம், சில ஆண்டுகள் கழித்தும் நன்றாக இருந்தவர்களும் உண்டு. வேறு இடங்களின் அனுபவமும் ஏறக்குறைய இதே சாயல்தான். அப்படியானால் எதற்கு இந்தப் பாடு என்று கேட்கிற மருத்துவ நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். மருந்தை மட்டும் நம்பினால் என்ன கிடைக்கிறது என்று அவர்களிடம் திருப்பிக் கேட்பேன். அறுவைக்கு வழியில்லாத முற்றிய அட்ரினல் புற்றில் கீமோவை ஒப்பிட்ட பெரிய பன்னாட்டு ஆய்வு 2012இல் வந்தது. 304 பேர். நன்றாக வேலை செய்த கூட்டு மருந்தில் கூட நோய் கட்டுப்பட்டிருந்த காலத்தின் நடுவளவு 5 மாதம், உயிர்வாழ்ந்த காலத்தின் நடுவளவு 15 மாதத்துக்குச் சற்றுக் குறைவு. வால் இருந்தும் வேறெங்கும் பரவாதவருக்கு, நல்ல கையில் அறுவை என்பது இதைவிட நல்ல பந்தயம். கால் வீக்கமும், மீசையும், எலும்பு முறிவும், எப்போது ஒரு துண்டு உடைந்து போகுமோ என்ற ஆபத்தும் நீங்குவது தனிக் கணக்கு. நுரையீரல் முழுக்கப் பரவியிருப்பவரைத் திறக்க நானே ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு வேண்டியதெல்லாம், இந்தத் தீர்ப்பை ஒரே ஒரு மருத்துவர் ஒரே ஒரு வரியைப் படித்து எழுதிவிடக் கூடாது என்பதுதான்.

அறுவைக்குப் பிறகு ஆளைக் கொல்லக்கூடிய விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டி கார்டிசாலைக் கொட்டிக்கொண்டிருந்த காலம் முழுவதும் மறுபக்கத்து நல்ல அட்ரினல் வேலை இல்லாமல் தூங்கிப்போயிருக்கும். கட்டியை எடுத்ததும் உடம்பில் கார்டிசாலே இருக்காது. ஆகவே தியேட்டரிலேயே ஹைட்ரோகார்டிசோன் ஊசி தொடங்கி, பிறகு மாத்திரையாக மாதக்கணக்கில் கொடுக்கிறோம். வீட்டுக்குப் போனதும் யாராவது ஒரு பெரியம்மா சீட்டைப் படித்துவிட்டு, "ஸ்டீராய்டா? அது ஒடம்பக் கெடுத்துடும்டி, நிறுத்து" என்பார். இந்த வியாதியே ஸ்டீராய்டு மிஞ்சியதால் வந்த மாதிரிதானே இருந்தது, அந்தப் பெரியம்மாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. நிறுத்தினால் சில நாளில் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கி ஐ.சி.யூ. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும், குறைக்கவே கூடாது. டிஸ்சார்ஜ் அன்று இதைச் சொல்ல அரை மணி நேரம் ஒதுக்காத குழு, எட்டு மணி நேர அறுவையை வீணடிக்கத் தயாராகிறது.

புற்று திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குக் கொடுக்கிற மைட்டோடேன் என்ற மருந்துக்கு ஒரு விசித்திரமான பூர்வீகம். நான் சிறுமியாக இருந்தபோது மலேரியாக்காரர்கள் வீட்டுச் சுவரெல்லாம் டி.டி.டி. அடித்துவிட்டுப் போவார்கள். அந்தப் பூச்சிமருந்தின் உறவுப் பொருள் ஒன்றை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அட்ரினல் சுருங்கிப்போனதை 1949இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். அங்கிருந்து பிறந்ததுதான் இது. ரத்தத்தில் லிட்டருக்கு 14 முதல் 20 மில்லிகிராம் இருக்கும்படி அளவு பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும், கூடினால் தள்ளாட்டமும் குழப்பமும் வரும். இது நல்ல அட்ரினலையும் சேர்த்தே அழிப்பதால் ஸ்டீராய்டின் அளவையும் உயர்த்த வேண்டும். ஆபத்து குறைவானவர்களுக்கு இது தேவைப்படாது என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. சிரைக்குள் போனவர்களை வழக்கமாக ஆபத்து அதிகமான பக்கத்தில்தான் வைக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு என்ன வேண்டும்? உலகக் கணக்கு இங்கும் பொருந்தினால், ஏழரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களில் ஆண்டுக்கு நூறு பேருக்கு முன்பின்னாக அட்ரினல் புற்று வரலாம். சிரைக்குள் வால் நீண்டவர்கள் அதில் ஒரு பகுதி. 2022இல் மட்டும் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தோம், மாவட்டத்துக்கு ஒன்று என்ற இலக்கு நியாயமானது. ஆனால் இந்த நூறு பேரை மாவட்டவாரியாகப் பங்கு போட்டால் எந்த ஊரிலும் யாருக்கும் கைப்பழக்கம் வராது. பாரிசிலேயே 15 பேருக்கு 25 ஆண்டு பிடித்தது என்றால், நாம் சிதறவிட்டால் ஒரு சர்ஜன் தன் வாழ்நாளில் ஒன்றைப் பார்ப்பார், அதையும் முதல்முறையாகப் பார்ப்பார். பிரசவத்தையும் குடல்வாலையும் ஊருக்கு ஊர் செய்யுங்கள். இதை இரண்டு மூன்று இடத்தில் குவியுங்கள். நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் தனித் துறைகள் இருக்கின்றன. புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டிய தேவை இல்லை. எந்த மாவட்டத்தில் இப்படிப்பட்ட ஸ்கேன் வந்தாலும் கத்தி தொடும்முன் படம் அங்கே போக வேண்டும், குறித்த நாட்களுக்குள் பதில் வர வேண்டும் என்று ஓர் அரசாணை போதும்.

பணத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். காப்பீட்டு அனுமதி ஓர் உறுப்புக்கு ஓர் அறுவை என்ற தலைப்பில் கேட்கப்படுவது. அட்ரினலை எடுத்து, ஈரலைப் புரட்டி, சிரையைத் தைத்து, பம்பும் ஓட்டி, பத்து நாள் ஐ.சி.யூ.வில் வைத்த நோயாளிக்கு எந்தத் தலைப்பு? அபூர்வ அறுவைகளுக்கெனத் தனித் தலைப்பு ஒன்று வேண்டும். வருஷத்துக்குச் சில பேர்தான், கஜானா காலியாகிவிடாது. தூத்துக்குடியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ வருகிற குடும்பத்துக்குத் தங்க இடமும் பஸ் செலவும் அதிலேயே சேரட்டும். நான் பார்த்தவரை நோயாளிகள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் அறுவைக் கட்டணத்தால் இல்லை, லாட்ஜ் வாடகையால்.

அரசாணை வரும்வரை குடும்பத்தார் தாங்களே செய்துகொள்ளக்கூடியது உண்டு. ஸ்கேன் அறிக்கை என்ற காகிதத்தோடு நின்றுவிடாமல் படங்கள் உள்ள சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். சிரைக்குள் தெரிவது கட்டியின் வாலா, வெறும் ரத்த உறைவா என்று தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஹார்மோன் சோதனைகள் முடியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பயாப்சி என்றால் எதற்கு என்று கேளுங்கள். பிறகு சர்ஜனிடம் தயங்காமல் ஒன்று கேளுங்கள்: இந்த மாதிரி அறுவை போன வருஷம் இங்கே எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? கோபப்பட்டால் எழுந்து வந்துவிடலாம். "இங்க செஞ்சதில்லம்மா, தெரிஞ்ச எடத்துக்கு லெட்டர் தர்றேன்" என்று சொன்னால் லெட்டரை வாங்கிக்கொண்டு, அந்த டாக்டரின் பெயரை ஊரில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அடுத்த காய்ச்சலுக்கும் அவரிடமே போங்கள்.